ஷென் ருய் வெளியே போன நாள்

மார்ச் 4

காலையில் லூ ஜியான் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தபோது மிளகாய் எண்ணெய் ஒரு துளி தப்பிவிட்டது. உருண்டையாக மிதந்து வந்து என் மூக்கில் ஒட்டியது. "அசையாதீங்க அண்ணே, ருசியான பகுதி அதுதான்!" என்று கரண்டியோடு துரத்துகிறான். எங்கள் விண்வெளி நிலையத்தின் பொறியாளர் இவன். மூன்றாவது ஆள் ஷென் ருய், தாவர ஆய்வாளர். நெல் நாற்றுகளை விட்டுச் சாப்பிடக்கூட வரவில்லை.

வலப்பக்கக் கடைவாய்ப் பல் கூசுகிறது.

மார்ச் 7

ஆய்வுக்கூடத்தின் வெளிச்சுவரில் ஓடும் குளிர்விக்கும் குழாயை ஏதோ துளைத்திருக்கிறது. மணல் அளவு துகளாக இருக்கலாம். இங்கே அது தோட்டா. கேமராவில் பார்த்தோம், திரவம் வெண்பனியாகப் பீறிடுகிறது. வற்றிவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூட வேண்டும், பாதியிலேயே ஊர் திரும்ப வேண்டும்.

நானும் லூவும் வெளியே போய் உலோகப் பட்டை கட்டி அடைக்க வேண்டும் என்று கீழே, தரைக்கட்டுப்பாட்டில், முடிவாகிவிட்டது. போய்ப் பழகியவன்தான் நான். பல் விண்விண் என்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பல்வலிக்கெல்லாம் பெய்ஜிங்கைக் கூப்பிடுவதா?

மார்ச் 10

அவமானம். வெளிவாசல் அறையில் காற்றழுத்தம் குறையக் குறைய, பல்லுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல— கத்திவிட்டேன். லூ பதறிப்போய்க் காற்றைத் திரும்ப நிரப்பினான். சீழோடு காற்றும் உள்ளே அடைபட்டிருக்கிறதாம். அழுத்தம் குறைந்தால் விரியுமாம். "நீங்க வெளியே போகவே கூடாது, கெங்" என்றார் கீழேயிருந்து மருத்துவர். போர்விமானம் ஓட்டியவன் நான். ஒரு பல்லு என்னை உட்கார வச்சிடுச்சே!

மனைவி ஹுய்ஃபென் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "பல்வலியைச் சொல்லக்கூட வாயைத் திறக்காத மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

எனக்குப் பதில் ஷென் போக வேண்டும். அவளிடம் நானே கேட்டேன்.

"பயிற்சியில தண்ணித் தொட்டிக்குள்ள மிதந்து பழகியிருக்கேன் அண்ணே. ஆனா தொட்டிக்குத் தரை இருந்துச்சு."

"பயமா இருக்கா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. போறேன்."

இத்தனை வருஷத்தில் எந்த விமானியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 11

நாள் முழுக்கக் கனத்த கையுறை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பட்டையைப் பூட்டுகிறாள், கழற்றுகிறாள், பூட்டுகிறாள்.

மார்ச் 12

இன்று வெளியே போனார்கள்.

லூ கைப்பிடிகளைப் பற்றி முன்னால் போனான். இயந்திரக் கையின் நுனியில் ஷென் நின்றாள்; உள்ளேயிருந்து அதை இயக்கியது நான். குழாயைச் சுற்றி உறைபனி கட்டியிருந்ததால் பட்டை பொருந்தவில்லை. நானாக இருந்தால் ஓங்கித் தட்டியிருப்பேன். அவள் சுரண்டியின் விளிம்பால் மெல்ல, செதில் செதிலாக எடுத்தாள்.

"அக்கா, அது குழாய்! நாத்து இல்ல!" என்றான் லூ.

"அவசரப்பட்டா ரெண்டும் ஒடியும். நீ விளக்கைப் பிடி."

பாதி வேலையில் பூமியின் நிழலுக்குள் போனோம். கும்மிருட்டு. திரும்பி வரச் சொன்னது தரைக்கட்டுப்பாடு. அவள் மூச்சுச் சத்தம் என் காதில் இரைந்தது.

"கெங் அண்ணே, கையை ஆட்டாம வைங்க. வெளிச்சம் வரட்டும். முடிச்சிடுறேன்."

"முடியுமா?"

"பயம் அப்படியேதான் இருக்கு. ஆனா முடியும்."

தளபதி நான். கீழே சொன்னேன்: "காத்திருக்கிறோம். பொறுப்பு என்னுடையது." விசையில் வைத்த விரலை அசைக்கவில்லை. அவள் உயிர் அந்த விரலில் இருப்பதுபோல் இருந்தது. இருந்ததுதானே?

சூரியன் எழுந்தது. பட்டை பூட்டிக்கொண்டது. வெண்பனி நின்றது. தரையில் கைதட்டினார்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "பசிக்குது." அப்புறம் அழுதாள். இங்கே கண்ணீர் விழாது, கண்ணிலேயே திரண்டு நிற்கும். லூ துண்டால் ஒற்றி எடுத்தான். தைரியசாலிகள் பலரோடு பறந்திருக்கிறேன். பயத்தை மறைக்காமல் கூடவே கூட்டிப் போய், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்த ஆளை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 15

பல்வலி மருந்துக்கு அடங்கவில்லை. மருத்துவர் கீழேயிருந்து சொல்லச் சொல்ல, ஷென்னே பல்லைப் பிடுங்கினாள். வேரோடு, முழுசாக. மிதந்த ரத்தமணிகளை உறிஞ்சு குழாயோடு துரத்தினான் லூ. வெளிவாசல் அறையில் எனக்கு அழுத்தச் சோதனை வரும் வாரம்.

மார்ச் 24

சோதனையில் தேறினேன். வலியே இல்லை.

ஏப்ரல் 2

முன்னெச்சரிக்கையாகக் குழாயின் மறுமுனைக்கும் பட்டை போட வேண்டும். மருத்துவர் எனக்கு அனுமதி தந்துவிட்டார். வெளியே போகும் இருவரில் என் பெயரைத்தான் கீழே முதலில் எழுதியிருந்தார்கள். ஷென்னையும் லூவையும் அனுப்பச் சொன்னேன்.

"உங்க பல்லுதான் சரியாயிடுச்சே?" என்றார்கள்.

"பல்லு சரிதான். இந்த வேலைக்கு என்னைவிட அவ கைதான் சரி."

இருவரும் வெளிவாசல் அறையில் இருக்கிறார்கள். கதவை நான்தான் மூடினேன். அழுத்தம் குறைகிறது. இயந்திரக் கைக்குப் போக வேண்டும்.