பெயர் சரிதானா பார்த்துக்கொள்ளுங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

பேசாமல் இருந்தது போதும். உன் மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று மூன்று மாதமாகப் போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறாய். "அண்ணனுக்கு வறட்டுக் கௌரவம்" என்றாயாம். நான் ரயில் ஏறினேன். ஏழாவது பெட்டி, முப்பத்திரண்டாம் இருக்கை. நீ சொன்ன எண்கள்தான்.

சீட்டை அனுப்பு என்று கேட்டேன். "ஆப்ல போட்டாச்சுண்ணா. எல்லாம் எங்கிட்ட இருக்கு. நீங்க போய் உக்காந்தா போதும்" என்றாய். உட்கார்ந்தேன். டிக்கெட் பரிசோதகர் சின்னப் பெண். பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு எழுபத்தாறு வயசா?"

"பார்த்தா அப்படியாம்மா தெரியுது?"

பட்டியலில் இருந்தது உன் மாமனார் பெயர். எதிரில் இருந்தவர்கள், "கல்யாணத்துக்குப் போறாரு, விட்டுடும்மா" என்றார்கள். அவளும் தயங்கினாள். நான்தான் விடவில்லை. பெயர் மாறினால் பயணமில்லை என்று இருபத்தாறு வருஷமாக முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்லிவருபவன் நான். அடுத்த நிலையத்தில் நானே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அங்கே கவுன்டரில், சீட்டு விற்ற கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியைக் கூப்பிட்டால், என் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் நாற்பது நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு ஒருவன் வந்து, ரயில்வேயைக் கேளுங்கள் என்றான். அடுத்த வண்டி மறுநாள்தான். அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். வீடு திரும்பினேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், என்னோடு வேலை செய்பவர்கள் எதிரில், "போன்ல மூணு தட்டு தட்டினா சீட்டு. இனி யாருக்குண்ணா உங்க ஜன்னல்?" என்று சிரித்தாய். அன்றோடு நாம் பேச்சை விட்டோம். அந்த மூன்று தட்டுதான் என்னை நடுவழியில் இறக்கிவிட்டது.

சீட்டு வாங்கிப் போகிற எல்லோரிடமும் "பெயர் சரிதானா பார்த்துக்கொள்ளுங்கள்" என்பேன். நான் பார்க்கவில்லை. ஏழு வருஷம் கழித்து நீ கூப்பிட்டாய் என்பதால் பார்க்கவில்லை.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்ததும் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின மாதம் மாமனாருக்குச் சீட்டு போட்டிருந்தேன். அந்தப் பெயரைச் சேமித்து வைத்துக்கொண்டு தானாகவே நிரப்பியிருக்கிறது. நான் பார்க்காமல் அழுத்திவிட்டேன். பயணி வரவில்லை என்று அன்றே எனக்குச் செய்தி வந்தது. நீங்கள் ஏறவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணா. நான் செய்தது தப்புதான். நீங்கள் செய்தது மட்டும் சரியா?

என் மகள், உங்கள் வாண்டு, மணமேடையில் உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா வந்துட்டாராப்பா?" என்று நான்கு தடவை கேட்டாள். இருபதாம் தேதி கணவனோடு வெளிநாடு கிளம்புகிறாள். அதற்குள் வாருங்கள். இந்த முறை பெயரைச் சரிபார்த்துச் சீட்டு போடுகிறேன்.

உங்கள் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

நீ சீட்டு போட வேண்டாம். நேற்று வேலை முடிந்ததும் என் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்து ஜன்னல் வரிசையில் நின்றேன். எனக்கு நானே சீட்டு போட்டுக்கொள்வதில்லை. "என்ன சார், இன்னைக்கு இந்தப் பக்கம்?" என்றாள் அங்கிருந்த பெண். அடித்தல் திருத்தல் இல்லாத படிவத்தை நீட்டினேன். "பேரு சரிதானா பார்த்துக்கங்க சார்" என்று என் குரலிலேயே சொல்லிச் சிரித்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி காலை ஏழே காலுக்கு வந்து இறங்குவேன். வாண்டுவிடம் சொல். பெரியப்பா அன்றைக்குக் கிளம்பி வந்தார் என்பதையும் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். உன் மாமனாரும் பக்கத்தில் இருக்கட்டும். போன் பண்ணாதது என் தப்பு. இதை எழுத மூன்று தாள் கிழிந்தது. ஜன்னலைப் பற்றி நீ பேசியதை மட்டும் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

கீழே பெயர் எழுதப் போனேன், நிறுத்திவிட்டேன். உன் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் உன் பெயரைத் தப்பில்லாமல் எழுதியவன் நான். இந்த எழுத்து யாருடையது என்று நீயே கண்டுபிடித்துக்கொள். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.