சாதுவான வாயு

பாப்பாவின் அம்மாவுக்கு,

எல்லோரும் சுகமா? என் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே வெல்டிங் செய்யும்போது, ஆள் நுழையும் அளவு பெரிய குழாய்க்குள் ஒரு வாயுவை நிரப்புவோம். சிலிண்டரில் ‘இனர்ட்’ என்று எழுதியிருக்கும். “அப்படின்னா சாது. எதோடயும் சேராது, யாரையும் ஒண்ணும் பண்ணாது” என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நேற்று, என் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் குறட்டை அண்ணன், உள்ளே விழுந்த சுத்தியலை எடுக்கக் குழாய்க்குள் தலையை விட்டார். இருமவில்லை, கத்தவில்லை, அப்படியே சரிந்துவிட்டார். காலைப் பிடித்து இழுத்தோம். பிழைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

“இதுவா சாது?” என்று மேஸ்திரி மேல் பாய்ந்தேன்.

“அது ஒண்ணும் பண்ணலப்பா. மூச்சுக்காத்து இருக்கவேண்டிய இடத்துல அது இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அந்தக் குழாயில் சாய்ந்துதான் தினமும் சாப்பிடுகிறேன்.

நீ பயப்படாதே. தலைவலித் தைலம் மட்டும் அனுப்பு. குறட்டையால் தூக்கம் போச்சு என்று புலம்புவேனே, இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த தடவை நான் கூப்பிடும்போது பாப்பா தூங்கினால் எழுப்பாதே. போனை அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வை, போதும்.

பாப்பாவின் அப்பா