மார்கழி வெந்நி

மதினி, நேற்று என் மகள் கணினியில் ஒரு படம் காட்டினாள். எங்கோ ஓர் ஆற்றின் மேலே பறந்துகொண்டே வெப்பத்தை மட்டும் படம் பிடித்திருக்கிறார்கள். ஆறு முழுக்கக் கருநீலம். ஓர் ஆலையின் சுடுதண்ணீர் கலக்கும் இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு வால் நீண்டு கிடக்கிறது. "மேலேருந்து பாத்தாத்தாம்மா இது தெரியும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நீங்கள் 1950களிலேயே வெறுங்கண்ணால் பார்த்துவிட்டீர்களே!

நீங்கள் என் அண்ணன் கைபிடித்து வந்த சில வருஷங்களில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, நம் வயலை ஒட்டி ஓர் அரிசி ஆலை வந்தது. அந்த மார்கழியில் வாய்க்கால் தண்ணீர் விடியற்காலையில் வெதுவெதுவென்று இருந்தது. குளிக்கப் போன பெண்களெல்லாம் குற்றாலநாதர் கருணை என்று கும்பிட்டார்கள். குளிரென்றால் சுருண்டு படுத்துவிடும் உங்களுக்கோ ஒரே கொண்டாட்டம். கண்ணை மூடித் தண்ணீரில் உட்கார்ந்திருப்பீர்கள், ஆவி உங்கள் முகத்தை மறைக்கும். "மதினி, இருக்கீங்களா?" என்பேன். "இல்லட்டி, கைலாசத்துக்குப் போயிட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வரும்.

அதே மாதம் நம் நடவுப் பயிர் மஞ்சளித்துச் சாய்ந்தது. பக்கத்து வயல்களுக்கு ஒன்றுமில்லை. அது போனால் வருஷச் சோறே போயிற்று. அண்ணன் நோய் என்று மருந்தடித்தார். ஆபீஸ் முடிந்து சாயங்காலம்தான் அவர் வயலுக்குப் போவார், அதற்குள் தண்ணீர் ஆறியிருக்கும். அவருக்குப் பயிர் தெரிந்தது, நமக்கு வெந்நி தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பயிருக்காக வேண்டிக்கொள்ள நாம் இருவரும் செண்பகாதேவி கோயிலுக்கு மலையேறினோம். வெளிச்சம் பரவும் நேரம், ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தோம். வயல்களின் மேல் மெல்லிய பனி. ஊரே தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கெட்டியான வெள்ளை ஆவி. ஆலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, முதலில் நம் மடைக்குள் நுழைந்து, மிச்சம் நாம் குளிக்கும் படித்துறைப் பக்கம் போனது.

"ஏட்டி, அங்கன பாரு. நம்ம வயல்ல எவ அடுப்பு மூட்டுனா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, "நான் சாமின்னுல்லா நெனச்சேன்" என்றீர்கள் மெதுவாக. அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

கோயிலுக்குப் போகாமலே இறங்கி நேரே ஆலைக்குப் போனீர்கள். "அண்ணாச்சி, ராப்பூரா ஓடுற உங்க இஞ்சின் வெந்நி எங்க பயிரை அவிக்குது." முதலாளி நம்பவில்லை. மறுநாள் அவரையும் மலையேற்றினீர்கள். மூச்சிரைக்க நின்று பார்த்தார். அந்த வாரமே ஆலைக்குப் பின்னால் குழி வெட்டி, தண்ணீரைத் தேக்கி ஆறவைத்து வாய்க்காலில் விட்டார். பயிரில் பாதிக்கு மேல் தேறியது.

படித்துறைப் பெண்கள்தான் உங்களைக் கரித்துக்கொட்டினார்கள். "சாமி குடுத்த வெந்நியக் கெடுத்துட்டாளே!" மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பனித்தண்ணீரில் இறங்கி, பல் கிட்டிக்க, "ஒண்ணும் செய்யாது, வாங்கட்டி" என்றீர்கள். அதற்குப் பிறகு, நீங்கள் இருந்தவரை ஒவ்வொரு மார்கழியும் நீங்கள்தான் முதல் ஆள்.

இப்போது என் குளியலறையில் விசையைத் தட்டினால் வெந்நீர் வரும். மகளும் கெஞ்சிப் பார்க்கிறாள். மார்கழி பிறந்துவிட்டால் என்னால் அதைத் தொட முடிவதில்லை மதினி. முதல் செம்பு பச்சைத்தண்ணீரை உங்களைத் திட்டிக்கொண்டே ஊற்றிக்கொள்கிறேன். இரண்டாவது செம்பில் அழுதுவிடுகிறேன்.