சி பிளாக்கின் ‘முடியாது’

சார்,

இன்று காலை நம் ஏ பிளாக் வாசலில் கற்பூரமும் புது கிரீஸும் ஒன்றாக மணந்தன. லிஃப்ட்டுக்குப் பூஜை. நான் பூசணிக்காய் உடைத்த வேகத்தில் ஸ்ரீரங்கம் தீவே குலுங்கி, ராஜகோபுரம் ஒரு முழம் நகர்ந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால், "எந்தப் பக்கமா நகர்ந்துச்சு தலைவரே?" என்று கேட்டிருப்பீர்கள். பொய் சொல்லிவிட்டு மறுகேள்விக்குக் காத்திருப்பதும், அது வராமல் போவதும் எவ்வளவு பெரிய தனிமை என்று நீங்கள் போன பிறகுதான் தெரிகிறது.

நம் மூன்று பிளாக்கும் கூட்டமைப்பு இல்லாமல் தனித்தனி சங்கமாக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். கேட் ஒன்று, போர்வெல் ஒன்று, உள்ளே போகிற பாதை ஒன்று. ஏ-யும் பி-யும் பெரிய பிளாக்குகள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த சி-யில் எட்டே வீடு. ஒரு கோடையில் பெரிய பிளாக்குக்காரர்களான நாங்கள் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, போர்வெல் தண்ணீரை எங்கள் இரண்டு தொட்டிகளுக்கே திருப்பிக்கொண்டோம். சி பிளாக் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு கேட்டில் நின்றார்கள். உங்கள் மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நீங்கள்தான் உட்கார்ந்து விதி எழுதினீர்கள். அவரவர் பிளாக் அவரவர் பொறுப்பு, பொதுவில் இருப்பதைத் தொட வேண்டுமென்றால் மூன்று பிளாக்கும் சம்மதிக்க வேண்டும், ஒன்று முடியாது என்றாலும் முடியாதுதான்.

அந்த விதியின்படி மூன்று சங்கமும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு என்னைத் தலைவனாக்கினீர்கள். நான் வாழைக்காய் மண்டிக்காரன். மண்டியில் ஒருத்தன் சொன்னால்தான் ஏலம் முடியும். அதனால் உங்களிடம் வந்து முறையிட்டேன்.

"என்ன சார் இது, சக்கரவர்த்தி பட்டம் குடுத்துட்டு ஒரு பல்பு மாத்தக்கூட அதிகாரம் இல்லைன்னா எப்படி?"

"தாராளமா மாத்துங்க. யார் வீட்டு பல்புன்னு கேட்டுட்டு மாத்துங்க."

முப்பது வருஷம் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்த வாய் அதோடு நிற்குமா? "நாடுங்ககூட சில சமயம் இப்படித்தான் தலைவரே சேரும். ஒண்ணா இருப்போம், ஆனா அவங்கவங்க சாவி அவங்கவங்க கிட்டேன்னு. அப்புறம் ஒரு வேலையும் நடக்கலைன்னு அலுத்துப்போய் எல்லாச் சாவியையும் நடுவுல ஒருத்தர்கிட்ட குடுத்துடும். வேலை நடக்கும். ஆனா சின்னவன் தன் சாவியைத் திரும்பக் கேட்டா, எந்தச் சாவின்னு கேப்பாங்க." எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. ஆனால் மண்டியில் மறுநாள் அதை என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டு, ஜீயபுரத்து விவசாயிகளைக் கண்கலங்க வைத்தேன்.

அப்புறம் உங்கள் முழங்கால் போயிற்று. பிறகு மூச்சு. மூன்று மாடி உங்களுக்கு இமயமலை ஆனது. லிஃப்ட் வைப்பது என்று முடிவு செய்தோம். வந்து பார்த்த இன்ஜினியர் இரண்டு இடம் காட்டினார். ஒன்று பொதுப்பாதையின் ஓரம். இன்னொன்று நம் பிளாக்கின் சொந்த ஸ்கூட்டர் ஷெட். ஷெட்டை எடுத்தால் வண்டிகள் வெயிலில் நிற்க வேண்டும் என்று நம் பிளாக்கில் ஒரே கூச்சல். சரி, பாதை என்றோம். பாதை குறுகினால் சி பிளாக் வாசல் வரை கார் போகாது.

கூட்டமைப்புக் கூட்டத்தில் சி பிளாக்குக்காகப் பரிமளா அம்மா எழுந்து நின்றார். "எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். தில்லை நகர் ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வர்றப்ப ஒரு எட்டு நடக்க முடியாதுங்க. கார் வாசலுக்கு வந்தாகணும். சார்மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா முடியாதுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று சங்கத்தையும் கலைத்துவிட்டு ஒரே சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் போதும், எட்டு வீட்டின் ‘முடியாது’ எட்டு வீட்டோடு நிற்கும் என்று பி பிளாக்காரர்கள் யோசனை சொன்னார்கள். படையெடுப்புத் திட்டத்தோடு உங்களிடம் ஏறி வந்தேன்.

"உங்க பிளாக், உங்க கால். நீங்க சரின்னு தலையாட்டுங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். "அந்த விதியை எழுதினப்ப என் கால் நல்லா இருந்துச்சு தலைவரே. அதனால அது நியாயமா, இல்ல சும்மா வாய்ப்பேச்சான்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்ப தீர்ந்துடுச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"நியாயந்தான்." பிறகு கேட்டீர்கள்: "நம்ம ஷெட்டு என்னாச்சு?"

"வண்டியெல்லாம் காஞ்சு போயிடுமாம் சார்."

"அப்ப நான் காயறேன், விடுங்க" என்று சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் கீழே வரவே இல்லை. சாயங்காலம்தோறும் நான்தான் உங்கள் செய்தித்தாள். மேம்பாலத்தை ஒரு எருமை மறித்துக்கொண்டு டோல் வசூலித்தது, உச்சிப்பிள்ளையார் படியில் மேயர் உருண்டே வந்தார் என்று என்னென்னவோ அளந்தேன். காவேரியில் தண்ணீர் திறந்த அன்று, அம்மா மண்டபப் படித்துறையில் திமிங்கலம் கரையேறி அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கியதாகச் சொன்னேன். திமிங்கலத்தை விட்டுவிட்டீர்கள். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருந்தது சார் என்றேன். அதற்குமேல் அன்று எனக்குப் பொய் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் மூச்சு நின்றது. மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாததால், நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் உங்களை இறக்கினோம். காரியம் முடிந்த வாரமே நம் பிளாக் கூடியது. ஷெட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரே காலையில் தகரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். வேறு யார் சம்மதமும் தேவைப்படாத, நம் சொந்த இடம் சார் அது.

இன்று பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பி பிளாக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "இனிமே இந்த மாதிரி ஆகக் கூடாதுங்க. ஒரே சங்கமாக்கிடுவோம். சார் பேரையே வைப்போம்." உங்கள் விதியைப் புதைத்து, அதன்மேல் உங்கள் பெயரையே நடுவதாம்.

அதைவிடக் கொடுமை, பரிமளா அம்மா அழ ஆரம்பித்ததுதான். "எடுத்துக்குங்க. எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். நான் முடியாதுன்னு சொன்னதாலதான் சார் கடைசிவரைக்கும் இறங்கலை. எனக்கு அந்த அதிகாரமே வேண்டாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்களே வச்சுக்குங்கம்மா" என்றேன். "சார் இறங்காதது உங்களால இல்ல. எங்க வண்டிங்க நிழல்ல நிக்கணும்னு நாங்க நினைச்சதால."

"நாளைக்கு வேற யாருக்காவது ஒண்ணுன்னா என்ன தலைவரே பண்ணுவீங்க?" என்றார் பி பிளாக்காரர்.

"நாளைக்கும் போய்க் கேப்போம். முதல்ல நம்ம வீட்டுல கேப்போம்."

பேச்சு அதோடு நின்றது. சி பிளாக்கின் ‘முடியாது’ சி பிளாக்கிடமே இருக்கிறது. உங்களைப் பெரிய மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் உங்கள்மேல் கோபம் தீரவில்லை. அன்றைக்கு நீங்கள் ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால், அந்தம்மாவுக்கு நாம் பெரிய அநியாயம் செய்திருப்போம். நீங்கள் கீழே நடமாடிக்கொண்டிருந்திருப்பீர்கள். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், கூட்டத்தில் இன்று சொன்ன பதிலைத்தான் எப்போதும் சொல்வேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால், என்னிடம் இருப்பது வேறு பதில் சார்.