மீதிச் சூடு போன இடம்

என்னங்க, முட்டிவலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் கூட்டிப் பெருக்கும் கல்லூரியில் நேற்று வகுப்பில் ஒரு மாணவி ஆசிரியையிடம், "பாய்லருக்குக் கொடுத்த சூட்டைவிட தண்ணிக்கு வந்தது குறையுதே மேடம், மீதி எங்க?" என்று கேட்டாள். நம் மகள் சாவதற்கு முந்தின நாள், காய்ச்சலோடு இதே கணக்கில்தான் முட்டிக்கொண்டிருந்தாள். "கணக்கு சோறு போடுமாடி?" என்று நோட்டைப் பிடுங்கினேன்.

மேடம் சிரித்தார். "பாய்லரைத் தொட்டா சுடுதில்ல? அது வழியா காத்துல போச்சு. எல்லாரும் அதைத்தான் விட்டுடுறீங்க."

விடை இப்போது எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வேன்? கண் கலங்கியது பினாயில் நெடியால்தான், பயப்படாதீர்கள்.

மணி அடித்துவிட்டது. அவள் போட்டோ முன்னால் நோட்டைத் திறந்து வைத்து, நீங்களே விடையைச் சொல்லிவிடுங்கள். பிடுங்கியவள் சொன்னால் காதில் வாங்கமாட்டாள்.