பதினான்காம் நிபந்தனை

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் காற்றுக் கணக்கைத் தொடவில்லை. பத்து வருடம் காற்றின் வேகத்தை அளந்தவளைக் குத்தகைப் பத்திரம் படிக்க அனுப்புகிறார்கள். காரணம், மைசூர் ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காற்றாலைக் கோபுரங்கள் உயரமாகிவிட்டதால் ஹனூர் பக்கக் குன்றுகளிலும் இனி காற்று போதும். ஐந்து வருடத்தில் நாற்பது காற்றாலை என்று சுவரில் வரைபடம் தொங்குகிறது. மேனேஜர் மஞ்சுநாத் முதல் புள்ளியில் விரலை வைத்தார். அய்யாவு என்பவரின் நிலம். "இவர் கொடுத்தா மத்தவங்க தானா வருவாங்க, அனகா." அந்த ஊரில் எல்லாரும் வீட்டில் தமிழ். கன்னடம் சந்தைப் பேச்சு அளவுக்குத்தான், படிக்கத் தெரியாது. பத்திரமோ கன்னடத்தில்.

ஜூன் 10

அய்யாவு வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம். கன்னடப் பத்திரத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பதின்மூன்று நிபந்தனை முடிந்தது. பதினான்குக்கு வாய் திறக்கும்போது மஞ்சுநாத் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மீதியெல்லாம் வழக்கமானதுதான்" என்று முடித்தேன். கடைசிப் பக்கத்தில் 'படித்துக் காட்டிப் பொருள் விளக்கினேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து.

அய்யாவு தாளைப் பார்க்கவே இல்லை. "நம்ம பாசை பேசற அம்மணி சொன்னாப் போதுமுங்க." இருபத்தேழாம் தேதி பதிவு.

ஜூன் 11

பதினான்கு: காற்றாலை இருக்கும் முப்பது வருடமும், உரிமையாளர் தம் மீதி நிலத்தில் அதிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது. கட்டினால் இடிக்கலாம். நான் படிக்காதது இதுதான்.

ஜூன் 16

அய்யாவுவின் மனைவி பஞ்சவர்ணம் போன் செய்தார். "மருமகன் செத்ததுல இருந்து மக எங்ககூடத்தான் இருக்கறா. அவளுக்குன்னு ரெண்டு ரூம்பு போடறமுங்க. வேலி ஓரமா, காத்தாடி வர்ற எடத்துக்குப் பக்கந்தான். வியாழக்கிழமை வாசக்கால் வெக்கறம், நீங்க வந்தே ஆவோணும்."

வருகிறேன் என்றேன். எந்த வாயால் சொன்னேன்? அந்த நிலத்தின் நீளமே இருநூறு மீட்டர்தான்.

ஜூன் 17

மஞ்சுநாத்திடம் கேட்டேன். "ஒருத்தருக்கு மாத்தினா நாற்பது பேருக்கும் மாத்தணும். திட்டமே நின்னுடும்." பிறகு, "படிச்சுச் சொன்னதா நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" ஆமாம். நான்தான். என்னை யாரும் கட்டிப் போடவில்லை, நானே போய் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் கிச்சா அதற்கு மேல். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இவ்வளவு நிதானமாக அவன் எனக்கு யோசனை சொன்னதில்லை. "உன் பேர் இருக்கோல்லியோ, வாயை மூடிண்டு இரு. புனே கம்பெனில வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. அடுத்த மாசம் கிளம்பற. அப்புறம் யாரோ பாத்துப்பா."

புனேயில் மறுபடி காற்றுக் கணக்கு. இரண்டு வருடம் ஏங்கிய வேலை. போனால் தப்பித்தேன் — தப்பித்தேனா?

ஜூன் 19

போகவில்லை. காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். வாசக்கால் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கிறது. அதன் முன்னாலேயே பதினான்கைச் சொன்னேன். வேண்டுமென்றே விட்டேன் என்பதையும் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?" என்றார் பஞ்சவர்ணம். அழுதுவிட்டேன். பதிவுக்கு வராதீர்கள், இன்னும் நேரமிருக்கிறது என்றேன்.

அய்யாவு வாசக்காலில் கையை வைத்தார். பிறகு, "தாள்ல ஆயிரம் எழுதுவானுங்க. நீங்க பஸ் ஏறி வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும். நீங்க உள்ள இருக்கறப்ப எங்க ஊட்ட இடிக்க உட்டுருவீங்களா?"

என்னால் எதையும் தடுக்க முடியாது என்றேன். மூன்று தடவை சொன்னேன். காப்பி கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

ஜூன் 27, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் பதினான்காம் நிபந்தனையை இரண்டு முறை உரக்கப் படித்தேன். மஞ்சுநாத் முகம் கடுத்தது. அய்யாவு தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க இந்தக் கம்பெனிலயேதான இருப்பீங்க, அம்மணி?"

"இருப்பேன்" என்றேன்.

போட்டுவிட்டார்.

ஜூன் 28

புனேவுக்கு, வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். கிச்சாவிடம் இன்னும் சொல்லவில்லை. குத்தகை முடியும்போது எனக்கு அறுபத்தாறு வயதிருக்கும்.