இரண்டுக்கும் ஆமென்

என் மேரியக்காவுக்கு, உன் தட்டில் இருந்தே எடுத்துத் தின்று வளர்ந்த தம்பி எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதமே எங்கள் சபையில் பாவம். செத்தவர்களோடு பேசக்கூடாது, அவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றக்கூடாது. நீ இருந்தால் "அப்ப செத்தவங்கள மைக்கு வெச்சுத் திட்டலாமா?" என்று கேட்டிருப்பாய். அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போக மனசில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளை ஆராதனையில் நீ நரகத்தில் இருக்கிறாய் என்று நான் சொல்ல வேண்டுமாம். என் வாயால், கன்னடத்தில்.

பாகலூர் ரோட்டில் சிமென்ட் ஷீட் போட்ட எங்கள் ஹாலை நீ பார்த்திருக்கிறாய். பாஸ்டர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்காக நான் பக்கத்தில் நின்று அதையே கன்னடத்தில் சொல்வேன். அவர் கத்தினால் நானும் கத்த வேண்டும், அவர் தழுதழுத்தால் நானும் தழுதழுக்க வேண்டும். அந்தக் கன்னடம் எங்கே கற்றது? ஐ.டி.ஐ. படிக்கும்போது ஆனேக்கல்லில் உன் வீட்டில் தங்கி, உன் சோற்றைத் தின்று, மாமாவிடம் கற்றது. அதைக் கொண்டே உன்னை எரிக்கச் சொல்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போனபிறகு சௌரப்பா மாமா பாதி ஆளாகிவிட்டார். உன் செல்போன் நம்பருக்கு இன்னும் போன் போடுகிறார். ஸ்விட்ச் ஆஃப் என்று அந்தப் பொம்பளை சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார். உங்கள் கோயில் ஃபாதர், நீ மோட்சத்துக்கு முன்னால் பாவக்கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பாய், பூசை வைத்தால் சீக்கிரம் மோட்சம் சேருவாய் என்றாராம். என் லைனில் வேலை செய்யும் டேவிட், சனிக்கிழமை ஆராதனை வைக்கிற சபைக்காரர், செத்தவர்கள் கடைசி நாள் வரைக்கும் தூக்கத்தில் இருக்கிறார்கள், நரகத்தில் யாரும் எரிந்துகொண்டில்லை என்கிறார். மாமா கன்னடத்தில் என்னிடம் கேட்டார்: "ஒரு பொம்பளைய ஆளாளுக்கு ஒரு எடத்துல வெச்சா, நான் எங்கன்னு போய்த் தேடறது?"

அந்தத் துக்கத்தில் அவரை எங்கள் சபைக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கடைசி நாள், வெள்ளைச் சட்டை போட்டு, முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாஸ்டர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். திடீரென்று குரல் ஏறியது.

"நம்ம சூசையோட அக்கா! நல்ல மனுஷி. நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிச்சேன். ஆனா மாதா சொரூபத்துக்கு முன்னாடி மண்டி போட்டாங்க, மனந்திரும்பல. இன்னைக்கு எங்க இருக்காங்க? அக்கினியில இருக்காங்க!"

மைக் வெறுமனே கொர்ரென்றது. பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்க பிரதர்" என்றார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பாஸ்டரின் அதே தொண்டையில் கத்தினேன்: "அவளு தேவர கையல்லி இத்தாளெ!" அவள் தேவனுடைய கையில் இருக்கிறாள் என்று.

ஹால் முழுக்க ஆமென். பாஸ்டருக்குச் சந்தோஷம், கையை உயர்த்தினார், இன்னொரு ஆமென். என்ன கூத்து பார். பாஸ்டரை விட்டால் நம் ஓசூரில் எவனுக்கு ஒரு பாஷை மட்டும் தெரியும்? தமிழில் நீ எரிகிறாய் என்றதற்கு ஆமென் சொன்ன அதே வாய்கள்தான், கன்னடத்தில் நீ கடவுள் கையில் இருக்கிறாய் என்றதற்கும் ஆமென் சொன்னது. அதைவிடக் கூத்து, மாமாவுக்குத் தமிழ் பேசத்தான் வராது, உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவருக்குக் கேட்டால் எல்லாம் புரியும் என்பது எனக்கு அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டது.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது பக்கத்தில் வந்து நின்றார். "அவரு சொன்னதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு" என்றார் கன்னடத்தில். தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாளே யாரோ பாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டுவிட்டார். திட்டுவார் என்று போனால், மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சூசை, எனக்கு மட்டும் ஆசையா? எங்க அப்பா கடைசி வரைக்கும் கும்பிடாத சாமி இல்ல. அவரையே நான் அங்கதான் வெச்சிருக்கறேன். தெனமும் அத நெனச்சுக்கிட்டுத்தான் சோறு திங்கறேன். வசனத்த மாத்த நான் யாரு, நீ யாரு?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யாக அழுகிற ஆள் இல்லை அக்கா அவர். அயோக்கியனாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். கடைசியில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மேடையில நின்னு, நான் சொன்னத அப்படியே கன்னடத்துல சொல்லிச் சரி பண்ணிடுங்க. மேடையில சத்தியத்த மாத்தினவர் வீட்டுக் கல்யாணத்த நான் எப்படி நடத்தறது?"

கல்யாணம் எஸ்தருக்கு. நீ தூக்கி வளர்த்த என் மகள் எஸ்தருக்குத்தான், அடுத்த மாதம். மாப்பிள்ளை எங்கள் சூளகிரி சபைப் பையன், நல்ல பையன். பாஸ்டர் கைவிட்டால் அந்த வீட்டாரும் கைவிடுவார்கள். எஸ்தர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டு வைக்கிறாள். என் வீட்டுக்காரி சலோமிதான் நேற்று பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஒரே ஒரு வார்த்தைதானேங்க, சொல்லிட்டு எறங்குங்க. அண்ணிக்குக் கேக்கவா போகுது?"

உனக்குக் கேட்குமா அக்கா?

உங்கள் கோயிலுக்கே திரும்பி வந்துவிடலாமே என்பாய். அதுவும் முடியாது. பாரூர் ஏரியில் ஞானஸ்நானத்துக்கு நான் முங்கி எழுந்தது நாடகமில்லை. நீ கரையில் துண்டோடு நின்று, "நம்ம சாமியாரு ஒரு கிண்ணத் தண்ணியில முடிச்ச வேலைக்கு இவங்களுக்கு ஒரு ஏரியே வேணுமாடா?" என்று கேட்டுக்கொண்டே என் தலையைத் துவட்டினாயே. நீ சிரித்தாலும், என் குடியை நிறுத்தியது அந்த ஏரியும் அந்தச் சபையும்தான். வேதம் சொல்கிறது என்றால் நான் நம்புகிறவன். நரகம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ அதில் இருக்கிறாய் என்று சொல்லவும் வாய் வராது. இந்தப் பக்கமும் சுவர், அந்தப் பக்கமும் சுவர், நடுவில் ஒரு மைக்கைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று மதியம் மாமா கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். சலோமி போன் போட்டிருக்கிறாள். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஹேள்பிடு சூசை" என்றார். சொல்லிவிடு என்று. "எஸ்தர் கல்யாணம் நின்னா உங்க அக்கா என்னத்தான் காய்ச்சுவா. நான் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன். என் மொகத்தப் பாத்தே சொல்லு. எனக்கு அவளத் தெரியும், நீ என்ன சொன்னாலும் ஒண்ணும் ஆகாது."

அங்கேயே, செக்யூரிட்டி பார்க்க, அழுதுவிட்டேன். சொல்லு என்று அவர் சொன்னதும்தான் என்னால் முடியாது என்று எனக்கே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதை நான் எப்படிச் சொல்வேன்?

பாஸ்டர் சரி பண்ணச் சொன்னார். பண்ணத்தான் போகிறேன். அன்றைக்கு நான் செய்ததில் தப்பு ஒன்று இருக்கிறது, உன்னைத் தேவன் கையில் கொடுத்ததைக் கன்னடத்தில் மட்டும் ஒளித்துச் சொன்னேன். நாளை மைக்கை வாங்கி, கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, ஒரே பேச்சாகச் சொல்வேன்: "என் அக்காவை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன். அனுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் என்னைக் கேட்கவில்லை." இது உன்மேல் சத்தியம்.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. எஸ்தர் முகத்தை எப்படிப் பார்ப்பது, கல்யாணத்தை எங்கே யார் வைத்து நடத்துவது, ஒன்றும் தெரியவில்லை. நாளை அந்த ஹாலில் ஒருத்தர்கூட ஆமென் சொல்லாமல் போகலாம். மாமா சொல்வார். இந்தத் தடவை தமிழில் சொன்னதற்கும் சேர்த்தே சொல்வார் என்று நினைக்கிறேன்.

இரண்டு பாஷையிலும் உன் தம்பி,
சூசை